காளான் ஏன் தண்ணீர் விடுகிறது?

கடையில் 200 கிராம் மொட்டுக் காளான் பாக்கெட் ஒன்று வாங்குகிறோம். நறுக்கிப் போட்டால் வாணலி நிறைந்துவிடுகிறது. "நாலு பேருக்குத் தாராளமாக வரும்" என்று தோன்றும். கால் மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் வாணலியின் அடியில் கொஞ்சம்தான் கிடக்கும். நடுவில் யாரும் எடுத்துத் தின்னவில்லை. மீதி எங்கே போயிற்று?

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றியிருக்க மாட்டோம். ஆனாலும் மூன்று நான்கு நிமிடத்தில் காளான் துண்டுகள் தண்ணீரில் மிதக்கும். "காளான் தண்ணி விடுது, அடுப்பைக் கொஞ்சம் கூட்டு" என்பார் சமைக்கிறவர்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அது வற்றினால்தான் ருசி வரும் என்கிறார்களே, ஏன்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் போதும். மசாலாப் பொடிகள் பத்து வேண்டாம். உப்பும் மிளகும் வைத்தே காளானை அருமையாகச் சமைத்துவிடலாம்.

காய்கறிக் கடையில் இருந்தாலும் காய் அல்ல

கத்தரிக்காய்க்கும் குடைமிளகாய்க்கும் பக்கத்தில் வைத்து விற்பதால் காளானையும் காய் என்றே நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அது செடியின் எந்த உறுப்பும் அல்ல. அதில் பச்சையம் கிடையாது. வெயிலை வைத்து உணவு தயாரிக்கத் தெரியாது. அது பூஞ்சை இனம்.

ரொம்ப காலம் விஞ்ஞானிகளும் பூஞ்சைகளைத் தாவரங்களோடு சேர்த்துத்தான் எழுதிவந்தார்கள். 1969-இல் அமெரிக்க அறிவியலர் ராபர்ட் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது பூஞ்சைகளுக்குத் தனி உலகமே கொடுத்தார். பிறகு மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூஞ்சைகள் செடிகளைவிட விலங்குகளுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று தெரியவந்தது. அதாவது உங்கள் தட்டில் இருக்கும் காளான், பக்கத்திலிருக்கும் வெண்டைக்காயைவிட உங்களுக்கு நெருங்கிய உறவு!

நாம் பார்க்கும் குடை, பூஞ்சையின் ஒரு பகுதி மட்டுமே. மாமரத்துக்கு மாம்பழம் எப்படியோ, பூஞ்சைக்குக் காளான் அப்படி. மரம் எங்கே என்று கேட்கிறீர்களா? மண்ணுக்குள்ளும் மட்கிய மரத்துக்குள்ளும் வைக்கோலுக்குள்ளும் வெள்ளை நூலிழைகளாகப் பரவிக் கிடக்கிறது. ஓர் இழைக்கு ஹைஃபா என்று பெயர். இழைகள் பின்னிய வலைக்கு மைசீலியம் என்று பெயர்.

காளான் வளர்க்கும் குடிலுக்குப் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் சிப்பிக் காளான் வளர்ப்பவர்கள் வைக்கோலை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் வடியவிட்டு, நீளமான பாலித்தீன் பைகளில் அடுக்குகிறார்கள். அடுக்குக்கு அடுக்கு 'காளான் வித்து' தூவுகிறார்கள். அது உண்மையில் விதை அல்ல. சோள மணிகளின் மேல் வளரவிட்ட பூஞ்சை இழைதான். இருட்டான குடிலில் பையைத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சள் வைக்கோல் முழுவதும் வெள்ளை படர்ந்துவிடும். பிறகு பையில் இருக்கும் ஓட்டைகள் வழியே குண்டூசித் தலை அளவில் மொட்டுகள் எட்டிப் பார்க்கும். அதிலிருந்து மூன்று நான்கு நாளில் அறுவடை.

எல்லாக் காளானும் எல்லா ஊரிலும் வளராது. மொட்டுக் காளானுக்குக் குளிர் வேண்டும். 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால்தான் மொட்டு விடும். அதனால் நீலகிரியிலும் இமாச்சலப் பிரதேசத்திலும் குளிரூட்டிய அறைகளிலும் வளர்க்கிறார்கள். பால் காளானுக்கோ நம் ஊர் வெயில் பிடிக்கும். கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் ரகத்தை வெளியிட்டது. ஏ.பி.கே. என்பது அருப்புக்கோட்டையின் சுருக்கம்.

செய்து பார் 1: நீலம் எங்கே?

பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரைக் கேட்டு இதைச் செய்யுங்கள். ஓர் உருளைக்கிழங்குத் துண்டு, ஒரு மொட்டுக் காளான் துண்டு, கொஞ்சம் அயோடின் கரைசல் வேண்டும். இரண்டு துண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள்.

உருளைக்கிழங்கு கருநீலமாக மாறும். காளானில் அந்த நீலம் வராது. அயோடினின் பழுப்பு நிறம்தான் தெரியும். காரணம், உருளைக்கிழங்குச் செடி தன் உணவை மாவுச்சத்தாகச் சேர்த்துவைக்கிறது. காளான் கிளைக்கோஜனாகச் சேர்க்கிறது. நம் கல்லீரலும் தசையும் சேர்த்துவைப்பதும் அதே கிளைக்கோஜன்தான். உறவுமுறைக்குச் சாட்சி கிடைத்துவிட்டதா? சோதித்த துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடுங்கள், சாப்பிடக் கூடாது.

எவ்வளவு வேகவைத்தாலும் குழையாதது ஏன்?

உருளைக்கிழங்கை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனால் குழைந்து கூழாகிவிடும். கத்தரிக்காயும் அப்படித்தான். செடிகளின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பொருள். சூட்டில் பெக்டின் கரையத் தொடங்கும். பிடி விட்டதும் செல்கள் பிரிந்துவிடும். காய் வெந்துவிட்டது என்று நாம் சொல்வது அதைத்தான்.

காளானை அப்படி மறந்துவிட்டால்? சுருங்கும், அவ்வளவுதான். கடித்தால் அதே மெத்தென்ற, ரப்பர் மாதிரி இழுபடும் தன்மை இருக்கும். காரணம் அதன் செல்சுவரில் இருக்கும் கைட்டின். சாதாரணமாகச் சமைக்கும் சூட்டுக்கெல்லாம் கைட்டின் அசையாது.

கைட்டினை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். கரப்பான் பூச்சியின் முதுகு, வண்டின் இறக்கை மூடி, நண்டு ஓடு, இறால் தோல் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். ஆனால் மனிதர்கள் அதை முதலில் கண்டுபிடித்தது பூச்சியில் அல்ல, காளானில்! பிரான்ஸ் நாட்டு வேதியியலர் ஆன்றி பிரகோனோ 1811-இல் காளானைக் கரைசல்களில் போட்டு வேகவைத்து, கரையாமல் எஞ்சிய பொருளைப் பிரித்தெடுத்தார். பூச்சி ஓட்டிலும் அதே பொருள் இருக்கிறது என்பதும், கைட்டின் என்ற பெயரும் 1823-இல்தான் வந்தன.

சமையல் பழகும் சிறுவர்களுக்கு இது நல்ல செய்தி. மீனை இரண்டு நிமிடம் கூடுதலாக வைத்தால் உதிரும். முட்டை கல்லாகும். காளான் மட்டும் பொறுமைசாலி. ஐந்து நிமிடம் முன்னே பின்னே ஆனாலும் கெட்டுப்போகாது. அதனால் தண்ணீர் வற்றும்வரை நாம் பயமின்றிக் காத்திருக்கலாம்.

தண்ணீர் வந்தது இங்கிருந்துதான்

மொட்டுக் காளானின் எடையில் சுமார் 92 சதவீதம் தண்ணீர். கணக்குப் போடுங்கள். 200 கிராம் பாக்கெட்டில் 184 கிராம் தண்ணீர். புரதம், நார், சர்க்கரை வகைகள், தாது உப்புகள் எல்லாம் சேர்ந்து 16 கிராம்தான். நாம் காசு கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதி, இழைகளின் செல்களுக்குள் அடைபட்ட தண்ணீர்.

செல்சுவர் சூட்டைத் தாங்குகிறது. ஆனால் சுவருக்கு உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு தாங்காது. சூடு ஏறியதும் சவ்வு கிழிந்து தண்ணீர் வெளியே ஓடிவருகிறது. அதுதான் 'தண்ணி விடுது'.

காளானுக்குள் வேறொன்றும் நிறைய இருக்கிறது: காற்று. இழைகள் பின்னிக் கிடப்பதால் நடுவே எங்கும் இடைவெளிகள். ஒரு முழுக் காளானைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதப்பது அதனால்தான். சூட்டில் இழைகள் தளர்ந்ததும் இடைவெளிகள் அமுங்கிவிடும். தண்ணீரும் போய், காற்றும் போனால் உருவம் எப்படி நிற்கும்? வாணலி நிறைய இருந்த காளான் அடியில் ஒடுங்கியதன் மர்மம் இதுதான்.

இந்த இடைவெளிகளில் ஒரு வம்பும் இருக்கிறது. வாணலியில் முதலிலேயே எண்ணெய் ஊற்றிக் காளானைப் போட்டால், அந்த ஓட்டைகள் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். வாணலி காய்ந்துபோனதாக நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். கடைசியில் காளான் அமுங்கும்போது குடித்த எண்ணெயையெல்லாம் கக்கும். தட்டில் எண்ணெய் மிதக்கும்.

தப்பிக்க எளிய வழி உண்டு. முதலில் எண்ணெயே வேண்டாம். வெறும் வாணலியில் காளானைப் போட்டுத் தண்ணீர் விடவைத்து, ஓட்டைகள் அமுங்கிய பிறகு எண்ணெய் ஊற்றினால் இரண்டு டீஸ்பூன் போதும்.

கழுவலாமா, கூடாதா?

"காளானைக் கழுவாதே, தண்ணியைக் குடிச்சிடும், துணியால துடை" என்று சிலர் சொல்வார்கள். உணவு அறிவியல் பற்றி எழுதும் அமெரிக்க எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ இதைத் தராசில் வைத்தே சோதித்தார். தண்ணீரில் ஊறிய காளானை எடை போட்டால் ஏறியது மிகவும் கொஞ்சம்தான். ஏற்கெனவே 92 சதவீதம் தண்ணீராக இருப்பது, இன்னும் எவ்வளவுதான் குடிக்கும்?

வீட்டில் சமையல் தராசு இருந்தால் நீங்களும் சோதிக்கலாம். ஐந்து முழுக் காளான்களை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்து, துணியால் ஒற்றி, மறுபடியும் எடை போடுங்கள்.

எனவே தாராளமாகக் கழுவலாம். ஆனால் இரண்டு விதிகள். முழுதாக இருக்கும்போதே கழுவ வேண்டும். நறுக்கிய பிறகு கழுவினால் வெட்டு முகம் வழியே தண்ணீர் கூடுதலாக ஏறும். அடுத்து, சமைக்கப்போகும் நேரத்தில்தான் கழுவ வேண்டும். ஈரத்தோடு எடுத்துவைத்தால் வழவழவென்று ஆகிவிடும்.

பறித்த பிறகும் காளான் சுவாசித்துக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் பைக்குள் இறுகக் கட்டிவைத்தால் உட்புறம் வியர்த்துப்போவதைப் பார்க்கலாம். மீதமுள்ளதைக் காகிதப் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது.

நறுக்கி வைத்த காளான் பழுப்பாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காளானில் டைரோசினேஸ் என்ற நொதி இருக்கிறது. வெட்டியதும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது நிறப்பொருளை உண்டாக்குகிறது. அதே பெயருள்ள நொதி நம் உடம்பிலும் இருக்கிறது. தலைமுடிக்குக் கறுப்பும் தோலுக்கு நிறமும் தரும் மெலனின் உருவாக அதுதான் வேலை செய்கிறது.

தண்ணீர் இருக்கும்வரை பொன்னிறம் வராது

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். தண்ணீர் ஏன் வற்ற வேண்டும்?

வாணலியில் தண்ணீர் இருக்கும்வரை காளானின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சரி, கூடுதல் வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். அந்த 100 டிகிரியில் காளான் வேகும். ஆனால் சாம்பல் நிறத்தில், வெந்நீர் வாசத்தோடு இருக்கும்.

பொன்னிறமும் கமகம வாசமும் வர 140 டிகிரி அளவுக்குச் சூடு ஏற வேண்டும். அப்போதுதான் புரதங்களின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சுறுசுறுப்பாக வினைபுரிந்து நூற்றுக்கணக்கான புதிய மணப் பொருள்களை உண்டாக்கும். 1912-இல் இதைப் பற்றி எழுதிய பிரான்ஸ் நாட்டு அறிவியலர் லூயி கமீல் மையார் பெயரால் இதை மையார் வினை என்கிறார்கள். தோசையின் ஓரம் முறுகுவதும், ரொட்டியின் மேல்பகுதி சிவப்பதும், காப்பிக்கொட்டை வறுபடும்போது தெருவெல்லாம் மணப்பதும் இதே வினையால்தான்.

தண்ணீர் வற்ற ஏன் அவ்வளவு நேரம் பிடிக்கிறது? ஒரு கிராம் தண்ணீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கலோரி வெப்பம் வேண்டும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு வர 70 கலோரி. கொதிநிலைக்கு வந்த அதே ஒரு கிராமை ஆவியாக்க இன்னும் 540 கலோரி வேண்டும்! கொதிக்கவைக்க ஆனதைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு. அதனால்தான் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது. வற்றத்தான் நேரம் எடுக்கிறது.

இதிலிருந்து மூன்று சமையல் விதிகள் தாமாகவே வருகின்றன. குழியான சிறு பாத்திரம் வேண்டாம். அகலமான வாணலி வேண்டும், அப்போதுதான் ஆவி வெளியேற இடம் இருக்கும். மூடி போடக் கூடாது. போட்டால் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி மறுபடியும் உள்ளேயே விழும். ஒரே நேரத்தில் மலைபோல் குவிக்கக் கூடாது. அடியில் இருப்பது விடும் தண்ணீரில் மேலே இருப்பது வெந்துகொண்டே இருக்கும்.

கறி மாதிரி இருக்கே!

காளான் வறுவலைச் சாப்பிடுகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. நாக்கு ஏமாறவில்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்கில் அடங்காத இன்னொரு சுவை உண்டு என்று 1908-இல் ஜப்பானிய வேதியியலர் கிக்குனே இக்கேடா காட்டினார். கொம்பு என்ற கடற்பாசியைக் கொதிக்கவைத்த சாற்றிலிருந்து குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். இறைச்சிச் சாற்றிலும் பழுத்த தக்காளியிலும் காளானிலும் குளூட்டமேட் இருக்கிறது.

காளானில் குவானிலேட் என்ற இன்னொரு பொருளும் உண்டு. உலர்த்திய ஷிட்டாக்கே காளானில் அது நிறையவே இருக்கும். குளூட்டமேட்டும் குவானிலேட்டும் சேர்ந்தால் சுவை பல மடங்கு தூக்கலாகத் தெரியும். 1950-களில் ஜப்பானிய அறிவியலர் அகிரா குனினாகா இதைக் கண்டறிந்தார். தண்ணீர் வற்ற வற்ற இந்த இரண்டும் செறிந்துகொண்டே வரும். கூடவே கைட்டினால் வரும் மெல்லும் தன்மையும் சேர்கிறது. அப்புறம் கறி நினைவு வராமல் என்ன செய்யும்?

காளானை நறுக்கும்போது ஒரு தனி வாசம் வருமே, மழை பெய்த மண்ணும் ஈர இலையும் கலந்தாற்போல? அதற்குக் காரணமான பொருளுக்கு ஆக்டெனால் என்று பெயர். காளானின் செல்கள் உடையும்போது அது அதிகமாக உருவாகிறது. நம் மூச்சுக் காற்றிலும் வியர்வையிலும்கூட அது சிறிதளவு இருக்கிறது. அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டு நம்மைத் தேடி வரும் கொசு வகைகளும் உண்டு. சில கொசுப் பொறிகளில் ஆக்டெனாலைத்தான் தூண்டில் இரையாக வைக்கிறார்கள்.

சமைப்போம் வாருங்கள்

அடுப்புப் பக்கம் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். நறுக்குவதையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

தேவையானவை: மொட்டுக் காளான் 200 கிராம், உரித்த சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நான்கு பல், கறிவேப்பிலை ஒரு இணுக்கு, எண்ணெய் இரண்டு டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், உப்பு.

காளானைக் கழுவி, ஒற்றி, கொஞ்சம் தடிமனாகவே நறுக்கிக்கொள்ளுங்கள். மெல்லியதாக நறுக்கினால் சுருங்கியபின் தேட வேண்டியிருக்கும். காம்பை எறிய வேண்டாம். அடியில் காய்ந்த நுனியை மட்டும் சீவினால் போதும்.

அகலமான வாணலியைச் சூடாக்கிக் காளானை மட்டும் போடுங்கள். எண்ணெய் வேண்டாம், உப்பு வேண்டாம், மூடியும் வேண்டாம். இனிக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முதலில் சத்தமே இருக்காது. பிறகு ஓரங்களில் ஈரம் கசிந்து, தண்ணீர் சேர்ந்து, 'களகள' என்று கொதிக்கும். இது 100 டிகிரிக் கட்டம். அடுப்பைக் கூட்டி, அவ்வப்போது கிளறி, காத்திருங்கள். களகள சத்தம் குறைந்து, கரண்டி படும்போது காளான் 'கிரீச்' என்று முனகும். தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள்.

இப்போது அடுப்பைக் குறைத்து எண்ணெய் ஊற்றுங்கள். 'சுர்ர்' என்று புதுச் சத்தம் கேட்கும். சின்ன வெங்காயத்தையும் தட்டிய பூண்டையும் கறிவேப்பிலையையும் சேர்த்து வதக்குங்கள். கிளறிக்கொண்டே இருக்காமல் ஒரு நிமிடம் விட்டுவிட்டுப் புரட்டினால் வாணலியைத் தொடும் பக்கம் பொன்னிறமாகும். மையார் வினை நடக்கிறது!

கடைசியில் உப்பு. ஏன் கடைசியில்? உப்புக்கும் காளானிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும் குணம் உண்டு. முதலில் போட்டாலும் தவறில்லை. ஆனால் நிறைந்த வாணலியைப் பார்த்து அளவு போட்டால், சுருங்கியபின் கரித்துக்கொட்டும். சுருங்கியதைப் பார்த்துப் போட்டால் அளவு தப்பாது. மிளகுத்தூள் தூவி இறக்குங்கள். சுடுசோற்றுக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளப் பொருத்தம்.

சிப்பிக் காளானானால் கையால் நீளவாக்கில் கிழித்துப் போடலாம். பால் காளான் கெட்டியானது. அது தண்ணீர் வற்ற இன்னும் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும்.

சமைப்பதற்கு முன் இன்னொரு வேலையும் செய்யலாம். நறுக்கிய காளானை உச்சி வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். காளானில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆக மாறும். நம் தோலும் வெயிலில்தான் வைட்டமின் டி தயாரிக்கிறது. பறித்து நாளான காளானிலும் இந்த மாற்றம் நடக்கும்.

வேலியோரக் காளானைத் தொட்டு எடுக்காதீர்கள்

மழை பெய்ததும் வேலியோரத்திலும் மரத்தடியிலும் குடை குடையாக முளைக்கும். கிராமங்களில் அனுபவசாலிகள் புற்றுக் காளான் பறித்து வருவார்கள். அது கறையான்கள் புற்றுக்குள் பயிர் செய்யும் பூஞ்சையின் காளான். ஆனால் அதேபோல் தோன்றும் நச்சுக் காளான்களும் உண்டு. பார்த்துப் பிரித்தறிவது நிபுணர்களுக்கே சிரமம்.

வெள்ளிக் கரண்டியைப் போட்டால் கறுக்கும், பூண்டு நிறம் மாறும், பூச்சி தின்றிருந்தால் நல்ல காளான் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாமே பொய். மனிதரைக் கொல்லும் காளானை நத்தையும் பூச்சியும் சாதாரணமாகத் தின்னும். நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடும் என்பதும் தவறு. உலகில் அதிகம் பேரைக் கொன்ற அமானிட்டா வகைக் காளான்களின் நஞ்சு கொதிக்கும் சூட்டில் அழியாது. தின்ற உடனே தெரியவும் தெரியாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அதற்குள் கல்லீரல் பாதிக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே வளர்த்து விற்கும் காளான் மட்டுமே சமையலுக்கு. வெளியில் முளைத்ததைப் பார்த்து ரசியுங்கள், படம் வரையுங்கள், பறிக்க வேண்டாம்.

செய்து பார் 2: காளான் வரையும் படம்

கடையில் வாங்கிய காளான்களில் குடை நன்றாக விரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடியில் வரிவரியாக மடிப்புகள் தெரிய வேண்டும். காம்பை எடுத்துவிட்டு, மடிப்புகள் கீழே இருக்கும்படி காகிதத்தின் மேல் வைத்து ஒரு கிண்ணத்தால் மூடுங்கள். சிப்பிக் காளானுக்குக் கறுப்புக் காகிதம். மொட்டுக் காளானுக்கு வெள்ளைக் காகிதம். மறுநாள் காலையில் மெதுவாகத் தூக்கிப் பாருங்கள்.

சிப்பிக் காளான் வெளிறிய தூளால் கோடுகள் வரைந்திருக்கும். மொட்டுக் காளானின் தூள் சாக்லேட் நிறத்தில் இருக்கும். இந்தத் தூள்தான் ஸ்போர். பூஞ்சை தன் இனத்தைப் பரப்புவது இவற்றால்தான். ஒரு குடையிலிருந்து கோடிக்கணக்கில் விழும். குடை விரியாத மொட்டில் படம் வராது. மடிப்புகளை மூடும் மெல்லிய திரை இன்னும் கிழிந்திருக்காது.

ஒரு கணக்குப் புதிர்

200 கிராம் காளானில் 92 சதவீதம் தண்ணீர். வதக்கிய பிறகு அதில் 84 சதவீதம் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 8 சதவீதம்தானே? இப்போது காளானின் எடை எவ்வளவு?

180-க்குப் பக்கத்தில் இருக்கும் என்று பலரும் சொல்வார்கள். சரியான விடை 100 கிராம்! தண்ணீர் அல்லாத பகுதி 16 கிராம், அது ஆவியாகாது. முதலில் அந்த 16 கிராம், மொத்தத்தில் 8 சதவீதமாக இருந்தது. இப்போது 16 சதவீதம். 16 கிராம்தான் 16 சதவீதம் என்றால் மொத்தம் 100 கிராம். சரிபாதி எடை ஆவியாகிப் போன பிறகும் காளானில் 84 சதவீதம் தண்ணீர்தான்.

அடுத்த முறை காளான் சமைக்கும்போது, தண்ணீர் வற்றியதும் எண்ணெய் ஊற்றுவதற்கு முன், காளானைக் கிண்ணத்தில் எடுத்து எடை போடுங்கள். கிண்ணத்தின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். உங்கள் காளானில் இன்னும் எத்தனை சதவீதம் தண்ணீர் மிச்சம் என்று இதே வழியில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.